பின்சந்தும் நம் கடனும்

வீட்டிற்கு முகம் ஒன்றா, இரண்டா? நம் முன்னோர் முன்றிலுக்கும் திண்ணைக்கும் அழகிய பெயர்களைச் சூட்டினர். வாசலில் கோலமிட்டனர், நிலைக்கு மஞ்சள் பூசினர், மாவிலை கட்டினர். விருந்தினர் வருவதும், மணமகள் அடியெடுத்து வைப்பதும், சான்றோர் வந்து அமர்வதும் முன்வாயில் வழியே. புழக்கடைக்கு இத்தகைய மங்கலம் எதுவும் வாய்க்கவில்லை. ஆயினும் ஒரு வீடு நாள்தோறும் நலமுடன் இயங்குவது முன்வாயிலாலா, பின்வாயிலாலா என்று எண்ணிப் பார்த்தால், விடை நமக்குச் சிறிது கூச்சத்தையே தரும்.

இக்கேள்வி நம் உள்ளத்தில் எழக் காரணமாயிருந்தது இலண்டனிலிருந்து வந்த ஒரு நிழற்படம். நம் தமக்கையின் மகள் அங்கே மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். விடுமுறை நாளொன்றில் நடந்து சென்ற தெருவைப் படமெடுத்து அனுப்பி, "மாமா, எவ்வளவு அமைதியான தெரு பாருங்கள்! இங்கே இதை மியூஸ் என்கிறார்கள். இங்கே ஒரு சிறு வீடு வாங்கவே கோடிக்கணக்கில் பணம் வேண்டுமாம்" என்று எழுதியிருந்தாள். உருண்டைக் கல் பாவிய ஒடுங்கிய பாதை, இருமருங்கும் இரண்டடுக்குச் சிறு வீடுகள், அகன்ற மரக்கதவுகள், சாளரந்தோறும் பூந்தொட்டி. ஆள் நடமாட்டமே இல்லை.

அத்தெருக்களின் வரலாறு சுவையானது. மியூஸ் என்ற சொல் முதலில் தெருவைக் குறித்ததன்று. அரசரின் வேட்டைப் பருந்துகள் இறகு உதிர்க்கும் பருவத்தில் அடைத்து வைக்கப்பட்ட கூண்டுக்கே அப்பெயர். இலண்டன் சாரிங் கிராஸ் பகுதியில் இருந்த அரசப் பருந்துக்கூடம் 1534-இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் பின்னர் குதிரை லாயம் எழும்பியது. பருந்துகள் போயின, பெயர் மட்டும் தங்கிற்று. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் செல்வர்கள் பெருந்தெருக்களில் மாளிகை கட்டியபோது, ஒவ்வொரு மாளிகை வரிசைக்கும் பின்னே ஒரு சந்து விடப்பட்டது. அங்கே கீழே குதிரையும் கோச்சு வண்டியும், மேலே வண்டியோட்டியும் அவன் குடும்பமும். குதிரைச் சாணத்தின் நாற்றமும் வைக்கோல் தூசியும் அவர்களுக்கு. முன்தெருவில் வண்டி வந்து நிற்கும் மிடுக்கு மாளிகையாருக்கு. பல இடங்களில் அச்சிறு வீடுகளின் பின்சுவரில் சாளரமே வைக்கப்படவில்லை. ஏழைக் குடும்பத்தின் கண்கள் எசமானரின் தோட்டத்தைப் பார்த்துவிடலாகாது என்ற எண்ணமே அதற்குக் காரணம்.

மோட்டார் வண்டி வந்தது; குதிரை போயிற்று. லாயம் மோட்டார்க் கொட்டகையாயிற்று. பின்னர் ஓவியர்களும், நடிகர்களும், இறுதியில் பெருஞ்செல்வரும் குடிபுகுந்தனர். இன்று அத்தெருவின் அமைதிக்கு விலை உண்டு. அந்த அமைதியைத் தந்தது எது? மாளிகையின் பின்னே மறைந்திருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்ட அந்த இடவமைப்பே என்க. ஒளித்து வைக்கப்பட்டோர் வாழ்ந்த இடம், அவர்கள் அகன்ற பின் ஒதுங்கி வாழ விரும்புவோரின் இன்பமனையாயிற்று. காலத்தின் இந்த வேடிக்கையை எண்ணிச் சிரிப்பதா, பெருமூச்செறிவதா?

படத்தைக் கண்டதும் நமக்கு நினைவில் எழுந்தது நாம் குடியிருக்கும் மைசூர் வீட்டின் பின்புறச் சந்து.

மைசூரின் பழைய விரிவாக்கங்களில் வாழ்வோர் இச்சந்துகளை நன்கறிவர். சாமராஜபுரம், லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம் போன்ற பகுதிகளில் இரண்டு தெருக்களின் வீட்டு வரிசைகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும். அவ்விரு முதுகுகளுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு இடைவெளி. கன்னடியரும் தமிழரும் ஒருபோலக் கன்சர்வென்சி என்றே சொல்வர். 1898-இல் இந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. எலி செத்த வீடுகளைக் காலி செய்து மக்கள் கொட்டகைகளில் தங்கினர். நெருக்கமான பழைய மொகல்லாக்களைத் திருத்தவும், காற்றும் ஒளியும் புகும் புதிய குடியிருப்புகளை அமைக்கவும் 1903-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு நிறுவப்பட்டது. இந்திய நாட்டிலே இத்தகைய அமைப்புகளுள் முந்தியவற்றில் ஒன்று இது. அகன்ற நேரான சாலைகள், பூங்காக்கள், நாற்சந்தி வட்டங்கள் என மைசூரின் புகழுக்குரிய அழகெல்லாம் அந்நோக்கின் விளைவுகளே.

அந்நோக்கின் மற்றொரு விளைவே பின்சந்து. அந்நாளில் வீடுகளில் இருந்தவை எடுப்புக் கக்கூசுகள். மலத்தை நாள்தோறும் ஒருவர் வந்து வாரிச் செல்ல வேண்டும். வாரிச் செல்பவர் முன்தெருவில் நடத்தல் ஆகாது. வீட்டினுள் நுழைதலும் ஆகாது. ஆதலின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு முழ உயரத்தில் சிறு கதவு. வெளியில் நின்று, குனிந்து, கையை உள்ளே நீட்டி வாளியை இழுக்க வேண்டும். வீட்டார் அவர் முகத்தைக் காண வேண்டியதில்லை. அவர் வீட்டாரின் முகத்தைக் காண வேண்டியதில்லை. நம் வீட்டுப் பின்சுவரில் அக்கதவு இருந்த இடம் செங்கல் வைத்து அடைக்கப்பட்டுள்ளது. சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் மழைக்காலத்தில் அச்சதுரம் மட்டும் தனியே ஈரம் காட்டும்.

சந்தை வகுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். நோய் பரவாமல் தடுக்க எண்ணிய நல்லவர்கள். கழிவு தெருவில் ஓடாதபடி தனிவழி கண்டது அறிவுடைமையே. எனினும், அதுவரை வாய்வழக்கிலும் ஊர்வழக்கிலும் இருந்த தீண்டாமையை அளந்து, வரைபடத்தில் கோடிட்டு, கல்லிலும் சுண்ணத்திலும் நிலைபெறச் செய்ததும் அதே அறிவே. நன்னோக்கத்தோடு செய்யப்பட்ட ஒன்றினுள் அநீதி இவ்வளவு அமைதியாகக் குடியேற இயலும் என்பதை நாம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

காலம் மாறிற்று. பாதாளச் சாக்கடை வந்தது. 1970-களில், தேவராஜ அரசு முதலமைச்சராக விளங்கிய காலத்தில், நகராட்சித் துறை அமைச்சர் பசவலிங்கப்பா மலத்தைத் தலையில் சுமக்கும் கொடுமைக்குக் கருநாடகத்தில் தடை விதித்தார். துப்புரவுத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்த சாலப்பா குழு 1976-இல் அறிக்கை தந்தது. நாடாளுமன்றத்தில் 1993-இலும், மேலும் கடுமையாக 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. தோட்டி என்றழைத்த நாவு இன்று பௌரகார்மிகர் என்று அழைக்கக் கற்றுக்கொண்டது. 2015, 2016 ஆண்டுகளில் நடுவண் அரசின் தூய்மைக் கணிப்பில் மைசூர் முதலிடம் பெற்றபோது நாமெல்லாம் மார்தட்டிக் கொண்டோம். நம் அலுவலகத்தில் இனிப்பும் வழங்கப்பட்டது. வழங்கியவர் வாங்கியவர் எவரும் அதிகாலையில் துடைப்பம் பிடித்தவர் அல்லர் என்பது வேறு செய்தி.

சந்து மட்டும் எஞ்சியது. அதன் இன்றைய இயல்பை என்னென்பது! நடுவே கற்பலகை மூடிய வடிகால். ஒருபுறச் சுவரிலிருந்து முருங்கை ஒன்று தாழக் கவிந்திருக்கும். காய் யாருக்கு உரியது என்ற வழக்கு ஆண்டுதோறும் எழுந்து, ஆண்டுதோறும் சாம்பாரில் தீரும். மறுபுறம் மல்லிகைக் கொடி. பிற்பகலில் சந்துக்குள் நின்றால் நான்கு வீட்டுக் குக்கர்களின் கூவலும், ஒரு வீட்டில் சிறுமி வீணை பயிலும் ஓசையும், வேறெங்கோ தொலைக்காட்சியின் முணுமுணுப்பும் ஒருங்கே கேட்கும். முன்தெருவில் எந்நேரமும் வண்டிகளின் இரைச்சல். சந்திலோ பூனை நடக்கும் அரவம் கேட்கும். உடைந்த நாற்காலி, பழைய மிதிவண்டி, பயனற்ற தண்ணீர்த் தொட்டி ஆகியவை அங்கே ஓய்வு பெறுகின்றன. இலண்டனின் பின்சந்து விலையேறிற்று, நம்முடையது குப்பைக்கிடங்காயிற்று. பின்சந்து என்றாலே இழிவு என்னும் எண்ணம் நம்மைவிட்டு இன்னும் அகலவில்லை போலும்.

நாம் சொல்ல வந்தது ஒரு விண்ணப்பத்தைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் வரிசை வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினர். சந்தின் இரு முனைகளிலும் இரும்புக் கதவு இட்டுப் பூட்டிவிட வேண்டும். பின்னர் ஆளுக்குப் பாதி எனப் பின்கட்டோடு சேர்த்துக்கொள்ள வழி தேட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நாம் குடிக்கூலிக்கு இருப்பவர். நிலத்தில் நமக்குப் பங்கில்லை. ஆயினும் வீட்டுச் சொந்தக்காரர் மாலையில் வந்து, "சார், நீங்கள் ஆபீசில் தினமும் லெட்டர் எழுதுகிறவர்கள். இந்த மனுவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். மறுக்கும் துணிவு நமக்கில்லை. வாடகை ஒப்பந்தம் அடுத்த திங்கள் முடிவதாக இருந்தது. இருபதாண்டுகளாகக் குறிப்பாணை எழுதிப் பழகிய கை அன்றிரவே எழுதி முடித்தது. நல்ல மனு என்றே சொல்ல வேண்டும். பாம்பு நடமாட்டம், இரவில் திருடர் அச்சம், கொசுப் பெருக்கம் என மூன்று காரணங்களை அடுக்கி, முத்தாய்ப்பாக ஒரு வரி வைத்தோம்: மேற்படி சந்தைத் தற்போது எவரும் பயன்படுத்துவதில்லை.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டு பின்கட்டில் நின்றபோது, அந்த 'எவரும்' சந்திலே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

நம் பகுதியைப் பெருக்கும் அம்மையார் அவர். விடியுமுன் வந்து முன்தெருவைப் பெருக்கி முடித்து, முருங்கையின் நிழலில், பழைய கல்லொன்றின்மேல் அமர்ந்து இளைப்பாறுவார். துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தி வைப்பார். சாப்பாட்டுத் தூக்கு அங்கேயே ஆணியில் தொங்கும். பெண்மக்கள் ஒதுங்குவதற்கு நகரில் வேறு இடம் ஏது? அந்தச் சந்தின் கடைக்கோடி மறைவும் அவர்களுக்கு உதவிற்று. மூன்றாண்டுகளாக நாள்தோறும் நாம் கண்ட காட்சி இது. கண்டும், 'எவரும் இல்லை' என்று நம் கை எழுதிற்று. எழுதும்போது நாம் பொய் சொல்கிறோம் என்ற உணர்வு ஓர் இமைப்பொழுதும் நமக்குத் தோன்றவில்லை. அதுவே நம்மை நடுங்கச் செய்தது. அறிந்து பொய் சொல்பவனுக்கு உண்மை எங்கிருக்கிறது என்பதேனும் தெரியும். நமக்கு அதுவும் தெரியவில்லை. சட்டம் அடைத்த அந்தச் சிறு கதவு நம் கண்ணுக்குள் திறந்தே இருந்தது.

இங்கே ஒரு வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். "சந்தை நாம் வகுக்கவில்லை, வாளியை நாம் வைக்கவில்லை, சாதியை நாம் படைக்கவில்லை. பாட்டன் காலத்துப் பழிக்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாமும் பல இரவுகள் அதன்பின்னே ஒளிந்துகொண்டோம். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. தந்தை பட்ட கடனை மகன் அடைக்கும்போது அவன் குற்றவாளி ஆகிறானா? இல்லை. தந்தையின் வீட்டைத் தனதென ஏற்றவன், வீட்டின்மேல் உள்ள கடனையும் ஏற்கிறான், அவ்வளவே. அகன்ற சாலையை, தூய காற்றை, நோயற்ற தெருவை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அவற்றைத் தந்த முதுகுகளின் கணக்கு மட்டும் நமக்கு உரியதன்று என்பது எந்தப் பேரேட்டில் செல்லும்? நாம் எழுத்தர், வரவையும் செலவையும் தனித்தனி ஆட்களின் பெயரில் எழுத நமக்கு எவரும் கற்பிக்கவில்லை.

1901-இல் கல்கத்தாவில் காங்கிரசு மாநாடு கூடியபோது கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. தொண்டர்களைக் கேட்டபோது, அது தோட்டியின் வேலை என்று விடை வந்தது. அப்போது பலரும் அறியாதிருந்த காந்தி என்ற இளைஞர் துடைப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கித் தாமே தூய்மை செய்தார். இதைச் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. நாமும் பள்ளிப் பேச்சுப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியதுண்டு. ஆனால் அந்நிகழ்ச்சியில் நம்மை இப்போது உறுத்துவது காந்தியின் செயலன்று, தொண்டர்களின் விடை. அவர்களும் நாட்டின் விடுதலைக்காகக் கூடிய நல்லவர்களே அன்றோ!

அந்த அம்மையாரோடு நாம் பேசிவந்தது கன்னடத்தில். அவர் தமிழர் என்பது நமக்குத் தெரியாது என்றே இதுவரை பிறரிடம் கூறிவந்தோம். அது மெய்யன்று. அவர் தம் உடன் வேலை செய்பவரோடு தமிழில் பேசுவது பலமுறை நம் காதில் விழுந்ததுண்டு. நாமும் தமிழர் என்று அக்கம்பக்கத்தார் முன் அவரோடு ஒட்டிக்கொள்ள நாணினோம், உண்மை அதுதான். ஒருநாள் மார்டள்ளியிலிருந்து நம் அன்னை தொலைபேசியில் அழைத்தார். பின்கட்டில் நின்று உரக்கப் பேசி முடித்தோம். சுவருக்கு அப்பாலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது: "அம்மாவுக்கு இப்ப முட்டி வலி தேவலையா சாமி?"

நமக்கு நா எழவில்லை. "தேவலைம்மா" என்றோம் சிறிது கழித்து. "எந்தப் பக்கம் உங்களுக்கு?" என்று கேட்டார். மார்டள்ளி என்றதும் "மாதேசுவர மலைப் பக்கமா? அங்க எல்லாம் தமிழுதானே" என்றார். அவர் ஊரைக் கேட்டோம். "எங்க பாட்டன் காலத்துலயே வந்துட்டோம். எந்த ஊருன்னு எங்களுக்கே தெரியாது. பேச்சு மட்டும் இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

மார்டள்ளியைப் பற்றி ஒரு சொல். கொள்ளேகால் வட்டாரத்தின் மலையடிவாரத்தில் உள்ள நம் ஊரில் மாதா கோவில் மணியும் தமிழில்தான் ஒலிக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வோம். 1956 நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்று அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. பின்னர் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது, 1997-இல், சாமராஜநகர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. நம் பாட்டனார் இடம்பெயரவில்லை, எல்லைதான் இடம்பெயர்ந்தது. ஆதலின் புலம்பெயர்ந்தோர் என்ற சொல்லை நாம் சற்றுத் தயக்கத்தோடே ஏற்கிறோம். அவ்வூரில் பின்சந்து கிடையாது. வீட்டின் பின்கதவைத் திறந்தால் கேழ்வரகுக் கொல்லையும் அதற்கப்பால் காடும். வறுமை உண்டு, ஏற்றத்தாழ்வு இல்லையென்று சொல்லமாட்டோம். ஆயினும் ஒரு மனிதர் நம் வீட்டின் பின்னே வந்து நின்றால் அவர் யார் மகன், யார் பேத்தி என்று தெரியும்.

நகரம் நமக்கு வேலை தந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. அவ்வாறே, பார்க்காமலிருக்கும் கலையையும் கற்பித்தது. அயல்மண்ணில் தாய்மொழியைப் பேணுகிறோம் என்று ஆண்டுதோறும் மலர் வெளியிடுகிறோம். நம் பிள்ளைகள் தமிழ் எழுத்துகளைத் தடுமாறிப் படிப்பதைக் கண்டு வருந்துகிறோம். எழுத்தே அறியாமல், ஊரின் பெயரும் மறந்து, தலைமுறைகளாகப் பேச்சை மட்டும் இழக்காமல் காத்த குடும்பம் ஒன்று நம் பின்சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்தது. எந்தச் சங்கமும் அவர்களுக்குச் சந்தா கேட்டு எழுதியதில்லை.

மனுவை என்ன செய்தோம் என்று அன்பர்கள் கேட்கலாம். வீட்டுச் சொந்தக்காரரிடம் சென்று அந்த ஒரு வரியை நீக்கித் தருகிறோம் என்றோம். "அந்த வரிதான் சார் முக்கியம்" என்றார். அவர் அறிவாளி. பிற கையொப்பங்கள் ஏற்கெனவே விழுந்திருந்தன. நாம் மேலும் வாதிடவில்லை. மனுவுக்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திராமல் இரு முனைகளிலும் கதவு வந்துவிட்டது. ஒரு சாவி நம்மிடமும் உண்டு. இரண்டு வாரங்கள் பொறுத்து, விடியற்காலையில் நம் பக்கத்துக் கதவைத் திறந்துவைக்கத் தொடங்கினோம். முதலில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. நம் வீட்டு வெளிக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு நம் இல்லாள் அவரிடம் கூறினாள். முதல் சில நாள் அவர் வரவில்லை. இப்போது வருகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை கூடிற்று. இதனால்தானா என்று சொல்ல இயலாது.

கடந்த பொங்கலுக்கு விழா அழைப்பிதழ் ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். குடும்பத்தோடு வாருங்கள் என்றோம். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் அச்சிட்டிருந்த மண்டபத்தின் படத்தை விரலால் தொட்டார். "இந்த இடம் எனக்குத் தெரியுமே சாமி. வருசா வருசம் உங்க விழா முடிஞ்ச மறுநாள் அந்தத் தெருவைக் கூட்ட எங்களைத்தான் அனுப்புவாங்க. கரும்புச் சக்கை நிறையக் கிடக்கும்" என்றார். பிறகு அழைப்பிதழை நான்காக மடித்துத் தூக்கின் அடியில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.